ஸ்டெப்னிக் குழியில் இரண்டு சிலிண்டர்

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். வேலை மட்டும் நிற்கவில்லை.

அவன் பழைய காரின் டிக்கியைத் திறந்து, சுவரைப் பார்த்து, "குழி கழுவியாச்சு" என்றான். அவள் தையல் மெஷினைப் பார்த்து, "மெத்தை தைச்சாச்சு" என்றாள். சுவரும் மெஷினும் கேட்டுக்கொண்டு ஆவன செய்தன.

அவன் கார் மெக்கானிக். அவள் அதே ஷெட்டின் மறுபாதியில் கார் சீட் தைப்பவள். கல்யாணமான நாளிலிருந்து அவன் என்ஜினுக்குள்ளும் அவள் சீட்டுக்கு அடியிலும் தலையை விட்டுக்கொண்டு, ஒரே காரின் இரண்டு முனையில் நின்று குடும்பம் நடத்தி வந்தவர்கள். சண்டை வந்தால்தான் கஷ்டம். முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட அந்த ஷெட்டில் இடம் போதாது.

சண்டை எப்படி வந்தது என்று போன வாரம் பார்த்தோம். விட்டுப்போனவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

மெக்கானிக்கின் தங்கை சின்னவளுக்கு இது தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன்தான் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். அவள் இருப்பது வேறு ஊரில், காரில் போனால் அரை நாள் பிடிக்கும். "அம்மாவால வர முடியாதுன்னு எனக்குத் தெரியும் அண்ணி. சும்மாதான் சொன்னேன்" என்றாள் போனில். சும்மா சொல்கிறவர்கள் அப்படி மூக்கை உறிஞ்ச மாட்டார்கள்.

அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் வெகுநாளாகிறது. மூக்கில் குழாய், குழாய்க்கு அந்தப் பக்கம் சுவரில் செருகிய மெஷின், இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டில். அதுதான் அவருடைய உலகம். மகளின் போனைக் கேட்டதும் அவர் எழுந்து உட்கார்ந்து, "நான் போறேன்" என்றார்.

மூத்த மகன், மருந்துக்கடை வைத்திருப்பவர், "கூடவே கூடாது. வழியில ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்றார். அப்போது மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணன் சொல்றதும் சரிதானே" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் மருமகள் வாயைப் பூட்டிக்கொண்டாள்.

மறுநாளே அவன் மனசு மாறிப் பழைய காரின் மேல் கிடந்த போர்வையை உருவினான். அப்போதும் அவள் பூட்டைத் திறக்கவில்லை. மாறினதை வாயைத் திறந்து சொல்லட்டுமே என்று அவளுக்கு. செய்து காட்டுகிறேனே, அது போதாதா என்று அவனுக்கு. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை.

கார் மாமியாருடையது. ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, டீச்சர்தான். பள்ளிக்கூட டீச்சர் இல்லை, டிரைவிங் டீச்சர். மூக்கில் குழாய் ஏறும்வரை அந்தக் காரின் இடதுபக்கச் சீட்டில் உட்கார்ந்து, கையில் ஒரு மர ஸ்கேலோடு பாதி ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வாயால் கத்தினால் புதுசாகப் பழகுகிறவர்கள் மிரண்டுபோவார்கள் என்று ஸ்கேலால் டாஷ்போர்டைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் பிரேக், யோசிக்காதே, நிறுத்து. இரண்டு தட்டு என்றால் வண்டியை எடு, பயப்படாதே, நான் பக்கத்தில் இருக்கிறேன்.

சின்னவளின் புருஷனும் இந்தத் தட்டுகளில் கற்றவன்தான். அவன் ஸ்டீயரிங் பிடித்திருக்க, காற்றுவாங்க வந்த சின்னவள் பின்சீட்டில் உட்கார்ந்திருக்க, டீச்சர், "கண்ணாடியைப் பாரு, கண்ணாடியைப் பாரு" என்று விடாமல் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேரும் சொன்ன பேச்சைக் கேட்டு அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் முடிந்த பிறகுதான் டீச்சருக்கு விஷயமே தெரிந்தது. என் வண்டியிலேயே, என் பக்கத்திலேயே உட்கார்ந்து என்னை ஏமாற்றினானே என்று அவருக்கு ஆறவில்லை. மகளோடு பேசுவார். அந்தப் பையனோடு இன்றுவரை ஒரு வார்த்தை கிடையாது. அவன் போனை எடுத்தால் இவர் வைத்துவிடுவார்.

அந்தக் காரில்தான் போவது என்று முடிவானது. டாக்ஸிக்காரர்கள் ஆக்ஸிஜன் சிலிண்டர் என்றதுமே கியரை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் என்றதற்கு டீச்சர், "படுத்துக்கிட்டே போய் அவ முன்னாடி இறங்கணுமா? ஆபரேஷனுக்கு முன்னாடியே மயக்கம் போட்டுடுவா. நான் உக்காந்துதான் போவேன்" என்றார்.

சரி, சிலிண்டரை எங்கே வைப்பது? உள்ளே வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் உருளும், மூக்குக் குழாயை இழுக்கும். அப்போதுதான் மெக்கானிக்குக் குழி ஞாபகம் வந்தது.

அந்தக் காரின் சக்கர அளவில் இப்போது டயர் வருவதில்லை. எப்போதோ ஒன்று வெடித்தபோது ஸ்டெப்னி ஏறி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. டிக்கித் தரையில் வட்டமாக ஒரு குழி காலியாகிப் போனது. காலி இடத்தைச் சும்மா விட்டுவைக்கிற குடும்பமா இது? டீச்சர் அதில் 'எல்' போர்டுகளை அடுக்கினார். மெக்கானிக் ஜாக்கியைப் போட்டான். மருமகள் துண்டு நுரைமெத்தைகளைத் திணித்தாள். சின்னவள் கல்யாணத்துக்குக் கிளம்பின அன்று தூக்கிக்கொண்டு போன துணிப்பை, அதற்கு முந்தின நாளெல்லாம் அந்தக் குழியில்தான் கிடந்திருக்கிறது. அதுவும் பின்னாலே தெரிந்ததுதான்.

இப்போது எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு, இரண்டு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் அக்கம்பக்கமாகப் படுக்கிற அளவுக்கு மருமகள் கனமான நுரைமெத்தையில் இரண்டு பள்ளம் வெட்டினாள். மேலே வெள்ளை ரெக்ஸின் போர்த்தித் தைத்தாள். அசையாமல் இருக்க இரண்டு பெல்ட். பின்சீட்டுக்குப் பின்னால் பழைய ஸ்பீக்கர் இருந்த ஓட்டை வழியாகக் குழாய் உள்ளே வந்துவிடும். பேசாமல் கொள்ளாமல் இரண்டு பேர் செய்த வேலை மாதிரியே இல்லை, அவ்வளவு கச்சிதம்.

காலையில் சிலிண்டர் கடைக்காரர் வந்தார். முதல் சிலிண்டரில் மீட்டரை மாட்டி, திறந்து, காற்று வருவதைக் காட்டினார். இரண்டாவது மாற்றுக்கு. தீர்ந்ததும் மீட்டரைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"ஒரே ஒரு விஷயம்மா" என்றார் மருமகளிடம். "எண்ணெய்க் கை, கிரீஸ்க் கை இதோட வாய் மேல படவே கூடாது. ஆக்ஸிஜன் அவ்வளவு வேகமா வெளிய வரும்போது அங்க துளி எண்ணெய் இருந்தாப் போதும், தானாவே பத்திக்கும். வெடிச்சாலும் வெடிக்கும். வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க."

"சொல்லிடறேங்க."

வீட்டில் எல்லாரும் என்றால் யார்? எண்ணெய்க் கை உள்ள ஆள் ஒருவன்தான். சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் எண்ணெய்க் கேன் வைத்திருப்பவன். கீல் கிறீச்சென்றால், பூட்டு இறுகினால், பக்கத்து வீட்டுக் குழந்தையின் சைக்கிள் முனகினால் கேட்காமலே போய் ஒரு சொட்டு விட்டுவிட்டு வருகிறவன்.

மருமகள் வாசல்வரை வந்தாள். அவன் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னால் முதலில் பேசினவள் இவள் என்றாகிவிடும். அத்தையிடம் சொல்லி அத்தை வாயால் சொல்ல வைக்கலாம் என்று நினைத்து உள்ளே திரும்பினாள். உள்ளே அத்தைக்குத் தலை வாரி, மாத்திரை கொடுத்து, கட்டில் மெஷினிலிருந்து கார்க் குழாய்க்கு மாற்றும்போது இருமல் வந்து, முதுகைத் தடவி, பையைத் தேடி, ஸ்கேலைத் தேடி...

"ஸ்கேல் எதுக்கு அத்தை?"

"அது இல்லாம நான் அந்த வண்டியில ஏறினதே இல்லடி."

சொல்ல வேண்டியது அவள் மனசை விட்டே நழுவிப் போயிற்று.

மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாமல் கிளம்பினார்கள்.

பின்சீட்டில் மருமகளோடு உட்கார்ந்த டீச்சர் ஊரைத் தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. நெடுஞ்சாலை வந்ததும் திறந்தவர் மூடவில்லை. "டேய், லாரிக்கு வழி விடு." "அந்த மோட்டார்சைக்கிள்காரன் திரும்பப் போறான், கைகாட்டாமதான் திரும்புவான், பாரு." "இந்த வளைவுல மூணாவது கியர் போதும்." எத்தனை மாதமாகக் கூரையையே பார்த்துக் கிடந்தவர். மருமகளுக்கு அதட்ட மனசு வரவில்லை.

ஆனால் அத்தையின் விரலில் மாட்டியிருந்த, ஆக்ஸிஜன் அளவு காட்டும் கிளிப்பில் எண் இறங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை, கொஞ்சம் பேசாம வாங்களேன்."

"நான் எங்க பேசறேன்?"

எண் தொண்ணூறுக்குக் கீழே போனதும் மருமகள் மாமியாரிடம், "வண்டியை நிறுத்தச் சொல்லுங்க அத்தை" என்றாள். மாமியார் மகனிடம், "நிறுத்துடா" என்றார். மருமகள் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து மீட்டரைக் கொஞ்சம் கூட்டிவைத்தாள். எண் ஏறியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி இறங்கியது. மறுபடி கூட்டினாள். கூட்டக் கூட்டச் சிலிண்டர் சீக்கிரம் தீரும் என்பது தெரியும். அதற்குத்தானே இன்னொன்று இருக்கிறது.

வெயில் ஏறியபோது லாரி எடை போடும் மேடை ஒன்று சாலையோரத்தில் வந்தது. பூட்டிக் கிடந்தது. தகரக் கூரையின் நிழல் மட்டும் திறந்திருந்தது. அங்கே நிறுத்தி அவள் டிக்கியைத் திறந்து பார்த்தாள். முதல் சிலிண்டரின் முள் சிவப்பை நெருங்கியிருந்தது. இன்னும் பாதி வழி இருந்தது.

மாற்றிவிடலாம் என்று இரண்டாவது சிலிண்டரின் பெல்ட்டை அவிழ்த்தாள். தலைப்பக்கத்தைப் பிடித்து நிமிர்த்தும்போது விரல் வழுக்கியது.

குனிந்து பார்த்தாள். அவள் கையால் தைத்த வெள்ளை ரெக்ஸினில், சிலிண்டரின் வாய் கிடந்த இடத்தில், மினுமினுவென்று ஒரு கறை. வாயின் மரையில் சுற்றிலும் மஞ்சளாகக் கிரீஸ்.

பின்னால் புருஷன் வந்து நின்றான். இத்தனை நாள் கழித்து அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசின முதல் வார்த்தை அதுதான்.

"ரொம்ப இறுகிக் கிடந்துச்சு. வழியில நீ சிரமப்படுவியேன்னு காலைலயே கிரீஸ் போட்டு வச்சேன். இப்ப சுலபமாத் திரும்பும் பாரு." சொல்லிவிட்டு அவனே திறக்கக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் எடைமேடைக் கூரையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. அவன் கை அந்தரத்தில் நின்றது.

அவள் சொன்னாள். காலையில் கடைக்காரர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், மூச்சு வாங்கச் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"காலைலயே சொன்னாரா?"

"ஆமா."

"நீ ஏன் சொல்லலை?"

அவளால் என்ன பதில் சொல்ல முடியும்? நான் முதலில் பேசக்கூடாது என்றிருந்தேன், அதனால் உங்கள் அம்மா சாகப் பார்த்தார் என்றா?

"துணியால நல்லாத் துடைச்சுட்டா?" என்றான் அவன்.

அவள் கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் குரலே மாறிவிட்டது. "வேணாம்மா, வேணாம். துடைச்சாலும் மரைக்குள்ள இருக்கும். மூடியிருக்கிறவரைக்கும் ஒண்ணும் ஆகாது, திறந்தாத்தான் ஆபத்து. அப்படியே கொண்டாந்துடுங்க. அந்த மீட்டர் சுத்தமா இருக்கில்ல? அதுலயும் அவர் கை பட்டுடாமப் பாத்துக்குங்க."

இப்போது என்ன செய்வது? முன்னால் போனாலும் போதாது, திரும்பிப் போனாலும் போதாது. இரண்டு பேரும் காரின் பின்கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்கள். டீச்சர் மடியில் ஸ்கேலை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

மருமகள் கிரீஸ் பட்ட விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை, இனிமே ஒரு வார்த்தை பேசக் கூடாது. அசையாம, மெதுவா மூச்சு விடணும். நான் மீட்டரைக் குறைச்சு வைக்கப் போறேன். எண் ரொம்ப இறங்கினா ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன். அப்ப நீங்க என்ன சொன்னாலும் கேக்க மாட்டேன்."

டீச்சர் தலையை ஆட்டினார்.

"பெரியவருக்குப் போன் பண்ணணும்" என்றாள் அவள், வெளியே வந்து.

"நான் பண்றேன்" என்றான் அவன்.

"வேணாம். நான்தானே சொல்லாம விட்டேன். நானே வாங்கிக் கட்டிக்கறேன்."

மருந்துக்கடைக்காரர் முதல் மணியிலேயே எடுத்தார். அவள் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அதுவே பயமாக இருந்தது. கடைசியில், "எங்க நிக்கறீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னாள்.

"அங்கயே இருங்க. நான் கிளம்பி ரொம்ப நேரம் ஆச்சு. ஷெட்டு பூட்டியிருந்ததைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, அம்மாவைத் தூக்கிட்டுப் போயிட்டீங்கன்னு. உங்க பின்னாடிதான் சிலிண்டரோட வந்துட்டிருக்கேன்."

காத்திருந்தார்கள். லாரிகள் போகும்போதெல்லாம் தகரக் கூரை அதிர்ந்தது. மெக்கானிக் காருக்கு நாலடி தள்ளி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். எதையாவது தொட்டுவிடுவோமோ என்று பயந்து நிற்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. எத்தனை வருஷமாக எதையும் தொட்டுச் சரிசெய்கிற கை. பார்க்கவே பாவமாக இருந்தது.

தண்ணீர் பாட்டிலையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு போனாள். "கையை நீட்டுங்க."

நீட்டினான். அவள் ஊற்ற அவன் தேய்த்தான். நகக்கண்ணில் இருந்ததெல்லாம் எளிதில் போகிற கிரீஸா?

"அன்னிக்கு அண்ணன் முன்னாடி அப்படிச் சொன்னது தப்புதான்" என்றான், கையைப் பார்த்துக்கொண்டு. "எனக்குப் பயம். அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எனக்கும் பயம்தான். இல்லைன்னு யார் சொன்னா?"

"வாயைத் திறந்து பேசியிருக்கலாம்."

"யாரு? நானா, நீங்களா?"

அவன் லேசாகச் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

காருக்குள் டீச்சரின் விரல் கிளிப்பில் எண் மெல்ல மெல்லக் கீழே வந்தது. உதட்டோரம் நிறம் மாறியது. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே சீராக மூச்சு விட்டார். முதல் பாடத்தில் எல்லா மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பாராம், முதலில் மூச்சு, அப்புறம் சாவி. டிக்கியில் முள் சிவப்புக்குள் நுழைந்தது. மருமகள் போனைக் கையில் எடுத்தாள். ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்த விரல் போனபோது, சாலையில் ஒரு கார் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பியது.

மருந்துக்கடைக்காரர் இறங்கின வேகத்தில் கதவைக்கூட மூடவில்லை. தம்பியைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்க்கவில்லை. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நேராக டிக்கிக்கு வந்தார். குழியையும், அதற்குள் பள்ளம் வெட்டின மெத்தையையும், பெல்ட்டையும், ஸ்பீக்கர் ஓட்டைக்குள் போகிற குழாயையும் ஒரு கணம் பார்த்தார்.  மீட்டரைக் கழற்றி மாட்டினார். திறந்தார்.

காருக்குள் எண் அசையாமல் நின்றது. பிறகு ஒன்று ஏறியது. இன்னொன்று ஏறியது. மருமகள் அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எண் தொண்ணூறைத் தாண்டிய பிறகுதான் மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார்.

"அறிவிருக்கா உங்களுக்கு? ஒரு மனுஷியோட மூச்சை டிக்கிக் குழியில வச்சுக் கூட்டிட்டுப் போறீங்க! சொல்லாம கொள்ளாம! இவன் ஒருத்தன், கிரீஸ் போட்டாலே உலகமே ஓடும்னு நினைச்சுட்டு... திருப்புடா வண்டியை. இப்பவே. நான் பின்னாடி வர்றேன். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். அங்க அவளுக்கு ஆஸ்பத்திரி இருக்கு, டாக்டர் இருக்காங்க, அவன் இருக்கான், அம்மா போய் என்ன பண்ணப் போறாங்க? போய்..."

டக்.

முன்சீட்டின் முதுகில் ஸ்கேல் ஒரு தட்டுத் தட்டியது.

மருந்துக்கடைக்காரரின் வாய் திறந்தபடி நின்றது. வயது ஐம்பதை நெருங்குகிறது, மீசையில் நரை, கடையில் நாலு பேர் அவர் சொல் கேட்டு வேலை செய்கிறார்கள். ஆனால் அவரும் அந்தக் காரில் கற்றவர்தான். வலதுகால் தன்னையறியாமல் தரையை ஒரு மிதி மிதித்தது.

மருமகள் எழுந்து அவருடைய காருக்குள் எட்டிப் பார்த்தாள். பின்சீட்டில், போர்வை சுற்றி, பத்திரமாக இன்னொரு சிலிண்டர் கிடந்தது.

"மாமா," என்றாள் மெதுவாக, "திரும்பிக் கூட்டிட்டுப் போக ஒண்ணே போதுமே. நீங்க ரெண்டு எடுத்துட்டு வந்திருக்கீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"குழந்தை குறுக்கே கிடக்குதுன்னு சொன்னப்பவே எனக்குக் கை கால் ஓடலை" என்றார் கடைசியில். "சின்னதுலருந்து அவளைத் தூக்கி வளத்தவன் நான்தானே. அங்கயும் பயம், இங்கயும் பயம். நான் என்னதான் பண்றது, சொல்லு."

கிரீஸ் பட்ட சிலிண்டரை மூடினது மூடினபடியே அவர் தன் காரில் ஏற்றிக்கொண்டார். இரண்டாவது நல்ல சிலிண்டர், வாயில் கறை படாதபடி தலைமாற்றி, குழியில் அதன் பள்ளத்துக்குப் போயிற்று. அவரே பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். "அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று டிக்கிக்குச் சொன்னார். இந்தக் குடும்பத்தில் யாருக்கும் மனிதர்களைப் பார்த்து நல்லதாகச் சொல்ல வராது.

டிக்கியை மூடும்போது அவர் கண் கீழே போயிற்று. குனிந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"டேய். பின்பக்க டயரைப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றான் மெக்கானிக், அதைவிடத் தாழ்ந்த குரலில்.

"பக்கவாட்டுல வீங்கியிருக்கு."

"தெரியும்ணா. காலைல இல்லை, வெயில்ல வந்திருக்கு. மெதுவாப் போனாத் தாங்கும்."

"தாங்கலைன்னா? இதுக்கு ஸ்டெப்னி?"

இரண்டு பேரும் மூடின டிக்கியைப் பார்த்தார்கள். மருமகளும் பார்த்தாள். 

அப்போது அவள் கையில் போன் அடித்தது. சின்னவளின் நம்பர். எடுத்தால் ஆண்குரல்.

"அக்கா, நான்தான்." அந்தப் பையன். பேச்சு தடுமாறியது. "நாளைக்குன்னு சொன்னாங்கல்ல, இப்பவே பண்ணணும்ங்கறாங்க. குழந்தைக்குத் துடிப்பு குறையுதாம். உள்ள கூட்டிட்டுப் போகப் போறாங்க. அவ கையெழுத்தே போட மாட்டேங்கறா. அம்மா வர்றாங்களா, அம்மா எங்க இருக்காங்கன்னு கேட்டு அழுதுட்டே இருக்கா. நான் என்னன்னு சொல்லட்டும் அக்கா? ஒரே ஒரு வார்த்தை... டீச்சர்கிட்ட ஒரு நிமிஷம் குடுக்க முடியுமா? என்கிட்டப் பேசமாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும்..."

மருமகள் போனை மாமியாரின் காதில் வைத்தாள். வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று மெக்கானிக் பயந்தான். 

"டீச்சர்?" என்றது போன். "டீச்சர், நீங்க இருக்கீங்களா?"

டீச்சர் முகத்தைத் திருப்பவில்லை. வாயைத் திறந்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவனோடு பேசுவதற்காகவே திறந்தார், அதை மருமகள் பக்கத்திலிருந்து கண்ணால் பார்த்தாள். ஆனால் மூச்சு வரவில்லை. உதடு அசைந்தது, குரல் எழும்பவில்லை, நெஞ்சு மேலும் கீழும் போய் வந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவர் கை மடியைத் தடவி ஸ்கேலை எடுத்தது. மருமகளுக்குப் புரிந்துவிட்டது. போனை முன்சீட்டின் முதுகுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

டக். டக்.

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் எங்கோ தள்ளுவண்டி உருள்வது மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று மருமகள் பார்த்தபோது குரல் வந்தது. முதல்நாள் ஸ்டீயரிங் பிடித்த பையனின் நடுங்கும் குரல்.

"சரிங்க டீச்சர். இப்பவே போய் அவகிட்டச் சொல்லிடறேன்."

அவன் ஓடுகிற காலடி கேட்டது. போனை அணைக்க மறந்து ஓடிக்கொண்டிருந்தான். டீச்சர் ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மருமகள் கதவைச் சாத்தினாள். மெக்கானிக் கையை ஒருமுறை சட்டையில் துடைத்துக்கொண்டு, பின்டயரை நினைத்தபடி, வண்டியை எடுத்தான்.